பஞ்சுவுக்குச் சிக்கெடுத்த நாட்கள்

இலஞ்சிக்கு வெளியே, வயல்கள் தொடங்கும் இடத்தில் வடிவம்மை குடியிருந்தார். ஓடு வேய்ந்த ஒற்றை அறை. உள்ளே ஒரு பாய், ஒரு அடுப்பு, மழை ஒழுகும் மூலையில் ஒரு வாளி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிலர் அவரிடம் வந்து உட்கார்வார்கள். யாராவது கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அவர்களோடு சும்மா உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவரிடம் வந்தவர்களிலேயே மூத்தவர் கோமதிநாயகம். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் வீடு. தன்னைவிட இவ்வளவு சிறியவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. அவர் வடிவம்மையை "அம்மா" என்பார். வடிவம்மை அவரை "அண்ணாச்சி" என்பார்.

கோமதிநாயகம் நிதானத்துக்குப் பேர்போனவர். ஒரு பெருமழையில் மலைப்பாறை உருண்டு தண்டவாளத்தில் விழுந்தபோது, எதிரே வந்த வண்டியை நிறுத்தச் சொல்லி அடுத்த ஸ்டேஷனுக்குப் பேசினாராம். காப்பி கொண்டுவரச் சொல்வது போல இருந்தது அந்தக் குரல் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் கால் மாற்றி உட்கார்வார்கள், இருமுவார்கள். அவர் அசைய மாட்டார். தன் மனம் பழுத்துவிட்டது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நம்பினார்.

ஒரு ஐப்பசி மாதம் அவர் வீட்டுக்கு ஒரு போன் வந்தது.

ஒரே மகன் காசிவிஸ்வநாதன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். வீட்டில் கூப்பிடுவது விசு என்று. அவன் போன கப்பலை ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கப்பலில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது என்று கப்பல் கம்பெனியில் சொன்னார்கள். அதற்கு மேல் கம்பெனிக்கும் தெரியவில்லை.

கோமதிநாயகத்தின் மனைவி உலகம்மாள் சாப்பிடுவதை நிறுத்தினாள். போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கோமதிநாயகம் வீட்டுக்குள்ளேயே நடந்தார். வாசலுக்கு, அடுக்களைக்கு, மறுபடி வாசலுக்கு. பழக்கப்படி கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தார். மூடிய கண்ணுக்குள் கடல்தான் வந்தது.

ஞாயிறு வரை அவரால் பொறுக்க முடியவில்லை. வேலை நாளில், வெயில் ஏறும் நேரத்தில், இலஞ்சிக்குப் போய் வடிவம்மையின் முன்னால் நின்றார்.

"அம்மா, இத்தனை வருஷம் உக்காந்தது எல்லாம் ஒரே போன்ல போயிட்டுது."

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தைத் தள்ளி வைத்தார்.

"உக்காருங்க."

"உக்கார முடியல. அதைத்தான் சொல்லுதேன். மனசு ஒரு இடத்துல நிக்கல. எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும். எப்படின்னு சொல்லுங்க."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கப்பல், கம்பெனி, உலகம்மாளின் பட்டினி. வடிவம்மை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அதை அவர் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"வீட்டுல இப்ப யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் அவளும்தான். பிறகு பஞ்சு இருக்கு. விசு காலேஜ்ல படிக்கும்போது கொண்டுவந்த நாய். வெள்ளைப் பொமரேனியன்."

"அது எப்படி இருக்கு?"

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது.

"அது எப்படியோ இருக்கு. மழையிலயும் சகதியிலயும் புரண்டு ரோமமெல்லாம் சடை விழுந்து கெடக்கு. உலகம்மாதான் தினமும் சீவி விடுவா. இப்ப யாரு பாக்கா? பக்கத்துல போனா கடிக்க வருது."

"சரி. நாளைக்கு நான் வாரேன்."

"எதுக்கும்மா?"

"நாய்க்குச் சிக்கெடுக்க."

கோமதிநாயகம் கிளம்பினார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் கோபம் வந்தது. தான் கேட்டது வடிவம்மையின் காதில் விழவில்லையோ என்றுகூட நினைத்தார்.

மறுநாள் வடிவம்மை வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் அகலப் பல் உள்ள ஒரு சீப்பு, முனை மழுங்கிய ஒரு கத்தரிக்கோல், தேங்காய் எண்ணெய், பழைய துண்டு.

முதலில் உலகம்மாளிடம் போனார்.

"மதினி, ஒரு வாய் கஞ்சி குடிக்கீங்களா?"

உலகம்மாள் தலையாட்டி மறுத்தாள். வடிவம்மை வற்புறுத்தவில்லை. அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு வந்தார்.

பஞ்சு பின்கட்டில் துவைகல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. வெள்ளை நாய் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வயிற்றிலும் பின்னங்காலிலும் ரோமம் கட்டி கட்டியாகத் திரண்டு, அழுக்குக் கயிறு போலத் தொங்கியது. இடது காதுக்குப் பின்னால் பெரிய சடை ஒன்று. அது தோலை இழுத்ததில் நாயின் தலையே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

வடிவம்மை கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். சீப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வெகுநேரம் கழித்துக் கையை நீட்டினார். நாய் மோந்து பார்த்தது. அடுத்த கணம் மணிக்கட்டைக் கவ்வியது.

கோமதிநாயகம் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வேண்டாம், அண்ணாச்சி. கம்பை வைங்க."

வடிவம்மை கையை வெடுக்கென்று இழுக்கவில்லை. நாய் தானாகவே விட்டது. விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. அடி விழும் என்று காத்திருப்பது போல உடலைக் குறுக்கிக்கொண்டது. அடி விழவில்லை.

குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கையைக் கழுவினார் வடிவம்மை.

"விசு எல்லா ஊசியும் போட்டிருக்கான். இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றார் கோமதிநாயகம்.

"போவோம்."

ஆட்டோவில் போகும்போது அவர் கேட்டார்.

"உங்களுக்குக் கோபம் வரலியா?"

"வலிச்சுது" என்றார் வடிவம்மை.

முகம் வெளுத்திருந்தது. கையைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தார். வலியை ஒரு குழந்தையைப் போல வைத்திருக்கிறார் என்று கோமதிநாயகம் நினைத்தார். விரட்டவும் இல்லை, ஊருக்குக் காட்டவும் இல்லை.

இனி வரமாட்டார் என்றுதான் அவர் எண்ணினார். கட்டு அவிழாத கையோடு இரண்டாம் நாளே வந்து நின்றார் வடிவம்மை.

"எனக்கும் நாயைப் பத்தித் தெரியாது, அண்ணாச்சி. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர்ட்ட கேட்டுட்டு வந்தேன். சிக்கு எடுக்காம குளிப்பாட்டக் கூடாதாம். தண்ணி பட்டா சடை இன்னும் இறுகிருமாம். எண்ணெயைத் தொட்டு விரலால பிரிச்சுட்டு, பிறகு நுனியில இருந்து சீவணுமாம். வேர்ல இருந்து இழுத்தா உயிர் போகும் அதுக்கு."

"சரி."

"முதல்ல அதைப் பிடிச்சுக்கிட ஒரு ஆள் வேணும். அதுக்குத் தெரிஞ்ச ஆள். நீங்க உக்காருங்க."

கோமதிநாயகம் உட்கார்ந்தார். நாயைக் கூப்பிட்டார். ஸ்டேஷனில் பழகிய குரல், மழைநாளில் வண்டியை நிறுத்திய அதே குரல். "பஞ்சு, வா. ஒண்ணும் இல்ல. வா."

நாய் உறுமியது.

மறுபடி கூப்பிட்டார். குரல் இன்னும் தணிந்தது, இன்னும் இனித்தது. நாய் பல்லைக் காட்டியது.

"இவ்வளவு பொறுமையாக் கூப்பிடுதேன், உறுமுது பாருங்க."

"உங்க கையைப் பாருங்க" என்றார் வடிவம்மை.

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு கைகளும் தொடைமேல் முறுக்கிக் கிடந்தன. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.

அவர் கைகளை விரித்தார். சற்று நேரத்தில் அவை தாமாகவே மறுபடி மூடிக்கொண்டன. மறுபடி விரித்தார். அன்று முழுவதும் நடந்தது அதுதான். நாய் வரவில்லை. வடிவம்மை துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக்குப் பாப்போம்" என்று எழுந்தார்.

அடுத்தடுத்த நாட்களிலும் வந்தார். சில நாள் நாய் ஒரு முழம் நெருங்கும். சில நாள் துவைகல்லை விட்டே வெளியே வராது. ஒரு காலையில் அது கோமதிநாயகத்தின் காலருகே வந்து படுத்தது. முதுகில் கைவைத்தார். ரோமத்துக்குள் உடம்பு கிடுகிடுவென்று நடுங்குவது தெரிந்தது. தனக்குள் இருக்கும் அதே நடுக்கம். கை அங்கேயே இருந்தது.

வடிவம்மை பின்னங்காலில் எண்ணெய் தடவி ஒரு சிறு சடையை விரலால் பிரித்தார். அது முழுவதும் பிரிவதற்குள் கோயிலில் உச்சிக்கால மணி அடித்துவிட்டது.

"ஒண்ணு ஆச்சு" என்றார். ஏதோ பெரிய தேரை நிலைக்குக் கொண்டுவந்தவர் போல அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி.

அந்த முகத்தைப் பார்த்ததும் கோமதிநாயகத்துக்கு அடக்கி வைத்திருந்தது பொங்கிவிட்டது.

"அம்மா, மன்னிக்கணும். என் பிள்ளை அங்க துப்பாக்கி முனையில இருக்கான். நான் இங்க நாய்க்குச் சிக்கெடுத்துக்கிட்டு இருக்கேன். ஊர்ல நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

வடிவம்மை விரலில் ஒட்டிய ரோமத்தைத் துடைத்தார்.

"பிள்ளைக்கு உங்க கை எட்டுதா, அண்ணாச்சி?"

"எட்டல."

"இதுக்கு எட்டுது."

கோமதிநாயகம் எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வடிவம்மை வராத நேரங்களிலும் அவர் பின்கட்டுக்குப் போனார். காலையில் கொஞ்சம், வெயில் சாய்ந்த பிறகு கொஞ்சம். எந்த இடத்தில் தொட்டால் நாய் தோளைச் சிலிர்க்கும், எந்த இடத்தில் கண்ணைச் செருகும் என்று அவருக்குப் பிடிபட்டது. வயிற்றுச் சடைக்கு அடியில் உண்ணிகள் அப்பியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டார். நகம் வளர்ந்து வளைந்து பாதத்தில் குத்தியது. வெள்ளை நகத்துக்குள் இளஞ்சிவப்பாக ஒரு நரம்பு ஓடுவதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, அதைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டினார்.

ஒரு நாள் நாயைக் குளிப்பாட்டத் தோதாகிவிட்டது என்று அவர் சொன்னபோது, கட்டிலிலிருந்து உலகம்மாளின் குரல் வந்தது.

"பச்சைத் தண்ணியை ஊத்திராதீங்க. அதுக்குச் சேராது."

அவள் எழுந்து வந்தாள். அடுப்பு மூட்டி வெந்நீர் போட்டாள். முழங்கையால் சூடு பார்த்தாள். நாயின் இரண்டு காதிலும் பஞ்சுத் துணுக்கை அடைத்து, காதுச் சடை நனையாமல் கழுத்துக்குக் கீழே ஊற்றினாள். தண்ணீர் ஊற்ற ஊற்ற, சேறு கரைந்து கறுப்பாய் ஓடி, பிறகு பழுப்பாகி, கடைசியில் தெளிந்தது. நனைந்த நாய் எலும்பும் தோலுமாக நின்று உலகம்மாளைப் பார்த்தது.

"ஐயோ, எப்படி எளைச்சுப் போச்சு" என்றாள் அவள். "சோறு வைக்கலியா யாரும்?"

கேட்டுவிட்டு அவளே அழுதாள். அழுதுகொண்டே நாய்க்குச் சோறு பிசைந்தாள். வடிவம்மை இன்னொரு தட்டு எடுத்து அவள் முன் வைத்தார். உலகம்மாள் அதிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.

காதுக்குப் பின்னால் இருந்த சடை மட்டும் மிச்சம். அது தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. சீப்பு நுழையாது. எண்ணெய்க்கும் இளகவில்லை. அந்த இடத்தைத் தொட்டால் நாய் இப்போதும் அலறியது.

"அதை வெட்டித்தான் எடுக்கணும்" என்றார் வடிவம்மை. "வியாழக்கிழமை வாரேன்."

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது.

கப்பலில் இருந்தவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். காய்ச்சல் என்கிறார்கள். யார் என்று இன்னும் உறுதியாகவில்லை. சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், நாங்களே கூப்பிடுகிறோம் என்று கம்பெனியில் இருந்து பேசியவர் சொன்னார். அவர் குரலும் உடைந்திருந்தது.

வடிவம்மை வந்தபோது வீடு அந்த நிலையில் இருந்தது. உலகம்மாள் போனைக் கையில் பிடித்தபடி கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்கு வேண்டாம்மா" என்றார்.

நடந்ததைச் சொன்னார். வடிவம்மை பையைக் கீழே வைத்தார்.

"சரி. நான் சும்மா இருக்கேன்."

அவர் உலகம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படி எதுவும் நடந்திருக்காது என்று சொல்லவில்லை. கடவுள் இருக்கிறார் என்று சொல்லவில்லை. உலகம்மாள் தண்ணீர் கேட்டபோது எழுந்து போய்க் கொண்டுவந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூடத்தில் இடிந்து விழாத ஒரு தூண் இருப்பது போல இருந்தது என்று உலகம்மாள் பிற்பாடு சொன்னாள்.

பின்கட்டிலிருந்து நாயின் அழுகை கேட்டது. முதலில் முனகல். பிறகு கீச்சென்ற ஒரு சத்தம். கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார். பஞ்சு பின்னங்காலால் காதைப் பிராண்டிக்கொண்டிருந்தது. சடைக்கு அடியிலிருந்து ரத்தம் கழுத்தில் வடிந்திருந்தது. வெள்ளை ரோமத்தில் அது நன்றாகத் தெரிந்தது.

அவர் அங்கேயே நின்றார். போனைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். வடிவம்மை அவரைக் கூப்பிடவில்லை.

அவரே போய் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் கிடத்தினார்.

"அம்மா, எனக்குக் கை நடுங்குது. வெட்டுறது என்னால ஆகாது. நான் பிடிச்சுக்கிடுதேன். நீங்க வெட்டுங்க."

வடிவம்மை கத்தரிக்கோலை எடுத்தார்.

கோமதிநாயகம் ஒரு கையை நாயின் தாடைக்கு அடியில் கொடுத்தார். மற்றக் கையை விலாவின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. நாய் முதலில் விறைத்தது. அவர் குனிந்து தன் நெற்றியை அதன் நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இருவரும் ஒரே மூச்சை விட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

வடிவம்மை சடைக்கும் தோலுக்கும் நடுவே தன் விரலை நுழைத்தார். நுழைய இடமில்லை. நெல் உமியளவு இடம் செய்துகொண்டு, கத்தரியின் மழுங்கிய முனையைத் தன் விரலின் மேல் வைத்து, ஒரு வெட்டு. பிறகு நிறுத்தி, நாயின் மூச்சு அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு இன்னொன்று. தோல் காகிதம் போல மெலிந்து போயிருந்தது. நாய் ஒரு முறை துள்ளினால் காதே கிழிந்துவிடும்.

சடை பாதிக்கு மேல் பிரிந்து, கத்தரி காதின் மடிப்புக்குள் இருந்தபோது போன் அடித்தது.

கோமதிநாயகத்தின் உடம்பு முழுவதும் அந்தச் சத்தம் ஓடியது. தொடை எழும்பப் பார்த்தது. நாய் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அதன் விலாவின் மேல் இருந்த தன் கையை அவர் பார்த்தார்.

அவர் எழவில்லை.

"எடு, உலகு" என்றார்.

உலகம்மாள் எடுத்தாள். "ஆமா" என்றாள். "சொல்லுங்க" என்றாள். பிறகு அவளிடமிருந்து சத்தமே இல்லை.

கத்தரி நகர்ந்தது. ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. கோமதிநாயகத்தின் கண்ணிலிருந்து நீர் சொட்டி நாயின் மூக்கில் விழுந்தது. நாய் அதை நக்கிக்கொண்டது. அவர் கை அசையவில்லை. சடை மொத்தமாகக் கழன்று வடிவம்மையின் கையோடு வந்தது. அப்போதுதான் கோமதிநாயகம் நிமிர்ந்தார்.

"விசு இல்லியாம்" என்றாள் உலகம்மாள். "நம்ம பிள்ளை இல்லியாம். அவன் நல்லா இருக்கானாம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள் போல மறுபடி போனைக் காதில் வைத்தாள். எதிர்முனையில் இருந்தவர் இன்னும் வைக்கவில்லை.

"ஐயா, தவறிப்போனது யாரு? அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காளா?"

கேட்டுக்கொண்டாள். கப்பலின் சமையல்காரர். வடக்கே எங்கோ ஒரு ஊர். அம்மா இருக்கிறாள். அவளுக்கும் இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள்.

கோமதிநாயகம் தலை குனிந்திருந்தார். தன் வீட்டில் விழாத இடி இன்னொரு வீட்டில் விழுந்ததை நினைத்து நிம்மதிப்படவும் முடியவில்லை, நிம்மதிப்படாமல் இருக்கவும் முடியவில்லை. வடிவம்மை கைகூப்பிக் கண்ணை மூடினார். பெயர் தெரியாத அந்தத் தாய்க்காக என்று இருவரும் புரிந்துகொண்டார்கள். அவர்களும் கைகூப்பினார்கள்.

கப்பல் விடுபட்டதும் விசு மெலிந்து தாடியோடு தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் அதற்குப் பல மாதங்கள் கழித்து. நடுவில் இன்னும் எத்தனையோ போன்கள் வந்தன. எதுவும் சுலபமாக முடியவில்லை. அந்த மாதங்களில் கோமதிநாயகத்தைப் பார்த்தவர்கள் அவரைப் பற்றி வியந்து பேசினார்கள். கடலுக்குப் போன மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் அவரிடம் வந்து உட்காரத் தொடங்கியது அப்போதுதான். ஆனால் இங்கே சொல்ல வந்தது அந்த வியாழக்கிழமைச் சாயங்காலம்.

உலகம்மாள் விளக்கேற்றிவிட்டுக் காப்பி போட அடுக்களைக்குப் போயிருந்தாள். வடிவம்மை நாயின் காதுக்குப் பின்னால் மஞ்சள் குழைத்துத் தடவினார். இறுக்கம் போனதும் நாயின் தலை நேராகிவிட்டது. பிறகு அவர் தரையில் சிதறிய ரோமத்தையெல்லாம் கூட்டி ஒரு காகிதத்தில் மடித்தார்.

"அம்மா" என்றார் கோமதிநாயகம். இருந்த இடத்தை விட்டு அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப் போயிருந்தது.

"சொல்லுங்க."

"அமைதி வேணும்னு கேட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்களும் இத்தனை நாள் கடி வாங்கிக்கிட்டு வந்து போறீங்க. உங்ககிட்ட மறைக்கக் கூடாது. எனக்கு அது கடைசி வரைக்கும் வரல. போன் அடிச்சப்ப நெஞ்சு நின்னுரும்னு நெனச்சேன். இப்பவும் உள்ள நடுங்கிக்கிட்டுத்தான் இருக்கு."

வடிவம்மை அவர் மடியைப் பார்த்தார். பஞ்சு நான்கு கால்களையும் நீட்டி, வயிற்றை மேலே காட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இதுக்கு அந்த அமைதியை யாரு குடுத்தா, அண்ணாச்சி?"